சொன்ன வாயே சொல்ல வேண்டும்

தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் எல்லையோர ஊரின் பால் சொசைட்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அந்த அக்கா என்னோடு சண்டைக்கு வந்தார். பாலை ஊற்றினார், அளந்தேன், மெஷின் கொழுப்பைக் காட்டியது, சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, காலிக் கேனைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

“என்னக்கா, நகருங்க.”

“நீ இன்னும் சொல்லலையே கண்ணு.”

“என்னத்தச் சொல்றது? அதான் சீட்டுல போட்டிருக்குதே.”

“சீட்டு மெசின் குடுத்தது. இன்னாரு பாலு, இத்தனை லிட்டரு, இத்தனை கொழுப்புன்னு நீ உன்ர வாயால சொல்லு. நான் பாட்டுக்குப் போறேன்.”

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். “படிக்கத் தெரியாட்டி பக்கத்துல நிக்கறவங்களக் கேளுங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பெருமாட்டிப் பள்ளிக்கூடத்தில் தமிழும் மலையாளமும் படித்தவர். அது எனக்குப் பிறகுதான் தெரியும். “படிச்சுட்டேன் கண்ணு. படிச்சது என்ர கண்ணு. சொல்ல வேண்டியது உன்ர வாயி” என்றார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பொறுமை இழந்து, “சொல்லித் தொலை அம்மிணி, அது கேக்காம நகராது. எங்களுக்குத் தோட்டத்துல வேலை கெடக்குது” என்றார். சொன்னேன். அன்றிலிருந்து அக்காவுக்கு மட்டும் வாயால் சொல்வதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது.

அவருக்கு எல்லாமே அப்படித்தான். கல்யாணப் பத்திரிகையை போனில் அனுப்பினால் போகமாட்டார். நேரில் வந்து, “கட்டாயம் வந்துருங்க” என்று வாய் திறந்து கூப்பிட்டால்தான் கூப்பிட்டதாகக் கணக்கு. வீட்டுக்கு வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டால் தெருமுனை வரை துரத்திப் போய், “போயிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டுப் போங்க” என்று நிறுத்துவார். “மனசுல நெனைக்கறது மாடுங்கூட நெனைக்கும். வாயக் குடுத்திருக்கறது மனுசனுக்குத்தான்” என்பார். ஆனால் அந்த மாட்டோடும் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருப்பார்.

இத்தனைக்கும் அவருக்கு வாய்த்தவர் ஓர் ஊமைக்கோட்டான். நல்ல மனிதர், கேட்டால் தலையசைப்பார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவர் எங்கள் அந்தோணியார் கோயிலைச் சேர்ந்தவர். அக்கா பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்பும் மாரியம்மன் கோயிலுமாக வாழ்ந்த குடும்பத்துப் பெண். தோப்புக்குத் தேங்காய் ஏற்ற வந்த லாரியில் அந்த மனிதர் கிளீனர். எப்படிப் பழகினார்களோ, ஒரு நாள் இரண்டு பேரும் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றதும் அக்கா இறங்கிக்கொண்டார்.

“இந்த டீக்கடையில நிக்கறவங்க எல்லாருங் கேக்க, இவளக் கட்டிக்குவேன்னு சொல்லு. இல்லாட்டி எதுக்கால வார பஸ்சுல நான் திரும்பிப் போறேன்” என்றாராம்.

அந்த மனிதர் வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சொன்னாராம். டீக்கடைக்காரர் கைதட்டினாராம். அக்கா இதை என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. சொல்லும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். “அன்னைக்குப் பேசுனதுதான் கண்ணு, அதுக்கப்பறம் அவிய பேசவேயில்லை.”

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. அக்கா ஞானஸ்நானம் வாங்கவில்லை. மாரியம்மனுக்கு விளக்கும் வைத்தார், அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தியும் வைத்தார். மாமியார் வீட்டில் முணுமுணுத்தார்கள். “பொறந்தவனுக்குத் தண்ணி ஊத்தியாச்சல்லொ, எனக்கெதுக்கு?” என்று முடித்துவிட்டார். பிறந்தவன் ஒருவன்தான். சகாயராஜ். அப்பனைப் போல உயரம், அம்மாவைப் போல வாயாடி. பால் சொசைட்டிக்கு அவன் கேனோடு வந்தால் எனக்குப் பொழுதுபோக்கு. “டீச்சர், எங்கம்மாவுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சத்தமாச் சொல்லுங்க, இல்லாட்டி ஊட்டுல சேத்த மாட்டாங்க” என்று வம்பிழுப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலில் மறைக்கல்வி எடுப்பதால் ஊரில் பாதிப்பேருக்கு நான் டீச்சர்தான்.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. அப்பன் டிப்பர் ஓட்டிய குவாரியிலேயே கம்ப்ரசர் பிடிக்கப் போனான். பாறையில் துளை போடுகிற வேலை. அந்தக் குவாரியை நம்பித்தான் எங்கள் ஊரில் பாதி அடுப்பு எரிந்தது. என் கொழுந்தனாரும் அங்கேதான் இருந்தார். மலையின் ஒரு பக்கத்தில் வேலை செய்யக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லியிருந்தது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில்தான் வேலை நடந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். இன்று அது மூடிக் கிடக்கிறது. கொழுந்தனார் வாளையார் செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்கு லோடு இறக்கப் போகிறார்.

ஒரு மத்தியானம் சகாயராஜ் செத்துப்போனான்.

வாளையார் ரோட்டு வளைவில் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்று ஊருக்குள் செய்தி வந்தது. அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று குவாரியில் சொன்னார்கள். ஸ்டேஷனில் மொழி கொடுத்தது தகப்பன்தான். எங்கள் பக்கம் வாக்குமூலத்துக்கு மலையாளச் சொல்தான் புழக்கம். ‘பையன் பைக்கில் போகும்போது விழுந்தான்’ என்று தகப்பனே சொன்ன பிறகு மேற்கொண்டு கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் அந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். போனவன் திரும்ப மாட்டான், இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டும் என்று மாறி மாறிச் சொன்னார்கள். நான் உள்ளறையில் அக்காவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் எல்லாம் காதில் விழுந்தது.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்துப் பால் கொண்டுவந்தார். வரிசை கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“குளிப்பாட்டயில பார்த்தேன் கண்ணு. காதுக்குள்ள வெள்ளையாக் கல்லுப் பொடி. ரோட்டுல உழுந்தவன் காதுக்குள்ள கல்லுப் பொடி எப்படி வரும்?”

காலிக் கேனின் மூடியைத் திருகிக்கொண்டே அக்கா தொடர்ந்தார்.

“எங்கூட்டுக்காரரு காத்தால நீலச் சட்டையப் போட்டுட்டுப் போனாங்க. ஆசுபத்திரியில பார்க்கறேன், வேற ஆரோட சட்டையோ போட்டிருக்காங்க. நீலச் சட்டை எங்கீங்கன்னேன். மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைக்கு அளவும் கொழுப்பும் சொல்லச் சொல்லி என்னைக் கேட்கவும் இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அக்கா கோயிலுக்கு வந்தார். எங்கள் பங்குச் சாமியாருக்கு மூணாறு பக்கத்து எஸ்டேட்டில் பிறப்பு. அம்மா தேயிலை பறித்துப் படிக்க வைத்த பிள்ளை. ஒல்லியாக, எப்போதும் இருமிக்கொண்டு, புத்தகத்தில் தலையை விட்டுக்கொண்டு இருப்பார். அவர் முன்னால் அக்கா நின்றார்.

“சாமி, எனக்குத் தண்ணி ஊத்தோணுங்க.”

“என்னம்மா திடீர்னு?”

“என்ர பையன் கெடக்கறான் பாருங்க, அவன் பக்கத்துல எனக்கு எடம் வேணும். ஞானஸ்தானம் வாங்காதவங்களக் கல்லறைத் தோட்டத்துல வெக்க மாட்டாங்களாமா.”

வேறொரு சாமியாராக இருந்தால் விசுவாசம் வேண்டும், அது வேண்டும், இது வேண்டும் என்று பிரசங்கம் வைத்திருப்பார். இவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாங்கம்மா. டீச்சரும் கூட இருக்கட்டும்” என்றார். அப்படித்தான் கோயில் பக்கத்து அறையில் எங்கள் மூன்று பேருக்கும் வகுப்பு ஆரம்பமானது.

மற்றச் செபங்களை அக்கா ஏற்கெனவே கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணியிருந்தார். விசுவாசப் பிரமாணத்துக்கு வந்தபோதுதான் நின்றார். கடவுளையும் சேசுவையும் பற்றி நம்புவதையெல்லாம் வரிசையாகச் சொல்லும் செபம் அது. இப்போது அதை நம்பிக்கை அறிக்கை என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் வாயில் இன்னும் பிரமாணம்தான். நான் அச்சடித்த தாளை நீட்டினேன். அக்கா அதை வாங்கவே இல்லை.

“சாமி வாயால சொல்லட்டும், நான் பாடம் பண்ணிக்கறேன்.”

சாமியாருக்கு ஒரே சந்தோஷம். இருமலை மறந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆதியில அப்படித்தாம்மா நடந்துச்சு. இது மொதல்ல செபமே இல்ல, கேள்வியும் பதிலுந்தான். ஞானஸ்நானம் வாங்க வந்த ஆளத் தண்ணிக்குள்ள நிப்பாட்டிக் கேப்பாக. பிதாவ விசுவசிக்கிறியா? விசுவசிக்கிறேம்பாக. ஒரு முழுக்கு. மகன விசுவசிக்கிறியா? விசுவசிக்கிறேன். இன்னொரு முழுக்கு. ஆவியானவரக் கேட்டு மறுபடி ஒண்ணு. அந்தப் பதிலெல்லாம் ஊருக்கு ஊரு கொஞ்சங் கொஞ்சமா வளந்து, ஒண்ணாச் சேந்து, இப்ப நாம சொல்லுற மாதிரி ஆயிருச்சு.”

“எழுதி வெச்சுக்க மாட்டாங்களா?”

“எழுதவே கூடாதும்பாக. நெஞ்சுலதான் எழுதணும். ஞானஸ்நானத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தி ஆயர், அதான் பிஷப்பு, வாயால சொல்லிக் குடுப்பாரு. வாங்குனவுக பாடம் பண்ணிட்டு வந்து எல்லாருக்கும் முன்னால திருப்பிச் சொல்லணும். பயந்து பயந்து கூடுன காலம். யாரு நம்ம ஆளு, யாரு இல்லன்னு கண்டுபிடிக்கவும் அதுதான் அடையாளம்.”

சகாயராஜ் போன பிறகு அக்கா முகத்தில் ஒரு மலர்ச்சியை அன்றைக்குத்தான் பார்த்தேன். “இதைய மொதல்லயே சொல்லியிருந்தா நான் அப்பவே வந்திருப்பேனுங்க” என்றார்.

அதற்குப் பிறகு பிரமாணம் அக்காவின் மாட்டுக் கட்டுத்தரைக்குக் குடிபோனது. காலையில் மடியைக் கழுவிவிட்டுக் கறக்க உட்காரும்போது ஆரம்பிப்பார். நுரை பொங்கப் பொங்க, பரலோகமும் பூலோகமும் பால் சத்தத்தோடு சேர்ந்து வரும். “பாடஞ் சொல்லாட்டி இப்பெல்லாம் பாலே சொரக்கறதில்லை கண்ணு. எனக்கு முன்னால அதுக்குத் தண்ணி ஊத்தோணும் போல” என்றார் ஒரு நாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன.

அடுத்த ஞாயிறு வகுப்பில் ஒரு கேள்வியோடு வந்தார்.

“சாமி, சேசுவ விட்டுட்டா இத்தனாப் பெரிய பிரமாணத்துல ரெண்டே பேரு பேருதானுங்க இருக்குது. பெத்தவ ஒருத்தி. கொன்னவன் ஒருத்தன். கூடவே சுத்துனவங்க ஒருத்தரு பேரும் இல்லை, அந்தப் பிலாத்துக்கு மட்டும் எப்படீங்க எடங் கெடச்சுது?”

சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். “அது சாபம் இல்லம்மா. தேதிக்கல்லு மாதிரி. அந்தக் காலத்துல யாரு ஆட்சியில நடந்துச்சுன்னு சொல்லித்தான் வருசத்தக் கணக்கு வெப்பாக. இது கட்டுக்கத இல்ல, இன்ன ஊருல, இன்ன ஆளு அதிகாரத்துல நெசமாவே நடந்துச்சுன்னு சொல்லுறதுக்குத்தான்.”

“நடக்கலைன்னு ஆராச்சும் சொன்னாங்களா?”

“சொன்னாக. சாமிக்கு எப்படி வலிக்கும்? அவரு பாடுபட்ட மாதிரி ஒரு தோத்தம், அம்புட்டுத்தான், அவருக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னாக. அதனாலதான் ஒவ்வொரு சொல்லா அடிச்சு நட்டிருக்கு. பிறந்தார். பாடுபட்டார். மரித்தார். மரிச்சாருன்னு சொன்ன பெறகு அடக்கம் பண்ணாகன்னு தனியா எதுக்குச் சொல்லணும்? இல்லன்னு பேசுறவுகளுக்குப் பதில் சொல்லத்தான்.”

“ஆருங்க அவங்க? ஆகாதவங்களா?”

“அதான் வருத்தம். வெளியாளுக இல்ல. கூட இருந்து கும்பிட்டவகதான்.”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் யாரை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சாமியாருக்கும் புரிந்துவிட்டது போலிருக்கிறது. தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“சேசு மேல இருக்கற ஆசையிலதான் அப்படிச் சொல்லியிருப்பாங்க” என்றார் அக்கா. “நம்ம சாமிக்கு வலிச்சிருக்கவே கூடாதுன்னு நெனச்சிருப்பாங்க, பாவம்.” தலையை நிமிர்த்தி, “ஆனா வலிச்சுதுங்களே” என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் நடந்ததை அக்காவே மறுநாள் சொன்னார். எங்கள் ஊரில் விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு ஜெபமாலை சொல்வோம். வீட்டுத் தலைவர்தான் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி ஆரம்பிப்பார். வருஷம் முழுக்க வாய் திறக்காத அந்த மனிதர் ஜெபமாலையை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். கடைசியில் செத்தவர்களை நினைத்து ஒரு செபம். ‘சகாயராஜின் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று அவர் ஆரம்பித்ததும் அக்கா மறித்தாராம்.

“எந்த எடத்துல செத்த சகாயராஜுன்னு சொல்லுங்க.”

அவர் ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஸ்டேஷன்ல சொன்னீங்க. அங்க பொய்யி சொன்னீங்க, ஊருக்காகச் சொன்னீங்க, சரி. இங்க ஆரு இருக்கறாங்க? நானும் சாமி படமுந்தான். இங்க நெசத்தச் சொல்லுங்க.”

அவர் எழுந்து கட்டுத்தரைக்குப் போய்விட்டாராம். அதோடு அந்த வீட்டில் ஜெபமாலை நின்றுபோனது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இல்லை. மாட்டுக்குத் தீவனம் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்பதெல்லாம் பேசினார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும் அந்த மனிதர் வீட்டில் இருக்கமாட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காகப் பூசை என்ற கருத்தைக் கோயிலில் மைக்கில் வாசிக்கிறவள் நான். “அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை நான் வாசிக்கறேன். குவாரியில் பாறை விழுந்து இறந்த சகாயராஜுன்னு மைக்குல வாசிக்கறேன். எவன் என்ன கிழிக்கறான்னு பார்க்கலாம்” என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாங் கண்ணு. நீ பார்க்கலை, மொழி குடுத்தது உன்ர வாயும் இல்லை. நான் சொன்னா, பெத்தவ பொலம்பறாம்பாங்க. நீ சொன்னா, சோலி இல்லாதவம்பாங்க. சொன்ன வாயே சொல்லோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். கோர்ட்டு வேண்டாம், கேசு வேண்டாம். எம் பையன் எங்க செத்தான்னு அவனப் பெத்தவரு வாயால ஒருக்காச் சொன்னாப் போதும்.”

ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசையில் அக்காவுக்கு ஞானஸ்நானம். அந்தப் பழைய வழக்கத்தை அன்றைக்குச் சாமியார் எங்கள் கோயிலில் கொண்டுவந்தார்: தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அக்கா தனியாக நின்று பிரமாணத்தைச் சொல்ல வேண்டும். கோயில் நிறைந்திருந்தது. குவாரி முதலாளி முன் வரிசையில். பீடத்துக்குப் பளிங்கு போட்டுக் கொடுத்தவர் அவர். அக்கா வெள்ளைச் சேலையில் நடுவழியில் நின்றார். பீடத்தைப் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கம் தூணோரம் நின்ற வீட்டுக்காரரை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. பிலாத்து வந்தான், பாடுபட்டு என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு மரித்ததையும் அடக்கம் செய்ததையும் சொல்லி, கடைசி வரை ஒரு சொல் பிசகாமல் முடித்தார்.

மூன்று கேள்வி, மூன்று பதில், மூன்று முறை தண்ணீர். அதன் பிறகு சாமியார் எங்கள் எல்லாரையும் பார்த்து அதே கேள்விகளைக் கேட்டார். ஈஸ்டரில் எல்லாரும் வாக்குறுதியைப் புதுப்பிப்பது வழக்கம். கோயிலே அதிர “விசுவசிக்கிறோம்” என்றோம். நான் வாசகப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த மனிதரின் உதடு அசையவில்லை. முதல் கேள்விக்கும் இல்லை, கடைசிக் கேள்விக்கும் இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் கோயிலுக்குள்ளே வரவில்லை. அக்காவை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே புளியமரத்தடியில் நிற்பார். டிப்பர் ஓட்டுவதையும் விட்டுவிட்டு ஒரு தோப்பில் தண்ணீர் பாய்ச்சப் போனார். “உள்ளாற வாங்கண்ணே” என்று ஒரு தடவை கூப்பிட்டேன். தலையை ஆட்டினார். வருகிறேன் என்றா, மாட்டேன் என்றா, தெரியவில்லை. பிரமாணம் சொல்லும் சத்தம் வெளியே கேட்கும் நேரத்தில் மட்டும் மரத்தடியை விட்டு ரோட்டுப் பக்கம் போய்விடுவார் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார்.

எனக்கு அக்கா மேலும் கோபம் வந்திருக்கிறது. மறைப்பானேன்? இப்படி ஒரு மனிதரைப் பிழிய வேண்டுமா என்று கேட்டே விட்டேன். அப்போது அக்காவுக்கு உடம்பு படுத்துவிட்டது. வயிற்றில் கட்டி, கோயம்புத்தூருக்கும் திருச்சூருக்கும் அலைந்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனிதர்தான் எல்லாம் பார்த்தார். கஞ்சி வைத்து ஊட்டினார், தலை சீவிவிட்டார், துணி அலசினார். மாடு கறப்பதும் அவர்தான். சத்தமே இல்லாமல் கறப்பார்.

“இப்பக் கேக்கறதில்லை கண்ணு” என்றார் அக்கா. குரல் பாதியாகிவிட்டிருந்தது. “அவிய மொகத்தப் பார்த்தா எனக்கே பொறுக்கலை. கேட்டுக் கேட்டுச் சொல்ல வெச்சா அது அவிய சொல்லா ஆகுமா? என்ர சொல்லாத்தான் இருக்கும்.”

“அப்ப விட்டுட்டீங்களாக்கா?”

“விடலை. கேக்கறத விட்டுட்டேன்.”

அக்கா போன அன்று காலையில் நான் சொசைட்டியில் இருந்தேன். அந்த மனிதர் பால் கேனோடு வந்தார். ஊற்றினார், அளந்தேன், சீட்டைக் கொடுத்தேன். நகராமல் நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று பார்த்தேன். “போயிட்டா” என்றார். அவ்வளவுதான். பாலைக் கறந்து ஊற்றிவிட்டு வந்து அதைச் சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கை பழகின வேலையைச் செய்திருக்கிறது. சொசைட்டியைப் பூட்டிவிட்டு அவரோடு ஓடினேன்.

மறுநாள் அடக்கம். கோயிலுக்குள் அவர் அன்றும் வரவில்லை. பெட்டி வெளியே வரும் வரை மரத்தடியில் நின்றார். கல்லறைத் தோட்டத்தில் சகாயராஜின் சிலுவைக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். அக்காவுக்கு அந்த இடம் கிடைத்துவிட்டது. பெருமாட்டியிலிருந்து அக்காவின் அண்ணன்கூட வந்து ஓரமாக நின்றார். முதலாளி மாலையோடு வந்திருந்தார். சாமியார் தூபம் காட்டி மந்திரித்து முடித்தார். பெட்டியை இறக்கினார்கள். கட்டினவர்தான் முதல் பிடி மண் போட வேண்டும். யாரோ அவர் கையில் மண்ணை அள்ளி வைத்தார்கள்.

அவர் போடவில்லை. மண்ணை மூடிப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“எம் பையன் ரோட்டுல உழுகலீங்க.”

சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். இந்தத் தடவை, முன்னொரு காலத்தில் ஜெபமாலை சொல்லிய குரல்.

“எம் பையன் சகாயராஜு ரோட்டுல உழுகலீங்க. நான் ஸ்டேஷன்ல சொன்னது பொய்யிங்க. குவாரியிலதானுங்க செத்தான். பாறை சரிஞ்சுதுங்க. நான் டிப்பரோட அங்கதான் நின்னுட்டிருந்தேன். என்ர கையாலதான் கல்ல நவுத்தி அவன எடுத்தேனுங்க. அப்பவே உசுரு இல்லீங்க.”

அது யார் குவாரி என்று முதலாளியின் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னார். முதலாளி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. ரெண்டு நாள் முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா பாவி மனுஷா, ரெண்டே ரெண்டு நாள்!

அவர் திரும்பிக் குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையைத் திறந்து மண்ணைப் போட்டார். பெட்டியின் மேல் குனிந்து, “கேட்டுச்சா புள்ள?” என்றார்.

கேட்டுவிட்டு, பதில் வரும் என்பது போல அப்படியே உட்கார்ந்திருந்தார். மண்வெட்டியோடு நின்ற ஆட்கள் அவர் எழுந்திருப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.